முகூர்த்தம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் தருவார்கள்: மணமக்களை எங்கே நிறுத்துவது?

நொய்யல்கரை (செவ்வாய், இரவு 10.15)

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கம் ஆறு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். சடங்குப் படங்களில் எனக்குப் பயம் இல்லை. தாலி கட்டும் நொடி, அப்பா கண்ணைத் துடைப்பது, பாட்டி அட்சதை போடுவது எல்லாம் தானாக நடக்கும். சரியான இடத்தில் நின்றால் போதும். எனக்குச் சிக்கல் அதற்கு அப்புறம்தான். "பொண்ணு மாப்பிள்ளைய மட்டும் தனியா நாலு போட்டோ எடுத்துக்கங்க" என்று பதினைந்து நிமிடம் தருவார்கள் பாருங்கள், அங்கேதான் கை உதறுகிறது.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். சடங்கு, மொய், குடும்ப குரூப் போட்டோ எல்லாம் முடிந்து மணமக்கள் என் கைக்கு வந்தபோது மணி 11.40. மண்டபத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம், மீதியெல்லாம் கார் நிறுத்துமிடம். வேறு வழியில்லாமல் வெயிலில் நிறுத்தினேன். அந்தப் பெண்ணால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வேர்வை இறங்கி மேக்கப் கோடு கோடாகப் பிரிந்தது. மாப்பிள்ளைக்குக் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு போஸைச் சொல்லிக் கொடுத்தேன், நெற்றியோடு நெற்றி சேர்த்து நிற்பது. சித்தப்பாமாரும் மாமன்மாரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள், இரண்டு பேருக்கும் உடம்பே விறைத்துவிட்டது. 60 படம் எடுத்தேன். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை, "பரவால்லைங்கண்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

இப்போது ஆவணியில் ஒரு கல்யாணம். நெடுஞ்சாலை ஓரத்து மண்டபம். தோட்டம், குளம், பழைய வீடு எதுவும் பக்கத்தில் இல்லை. முந்தின நாள் மாலை 7 மணிக்கு ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் 6.00–7.30. ப்ரீவெட்டிங் ஷூட் வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். இருவரும் சேர்ந்திருக்கும் நல்ல படம் ஒன்று வேண்டுமென்றால் கல்யாண நாளிலேயே எடுத்தாக வேண்டும். கையில் 35, 85 எம்.எம். லென்ஸ், இரண்டு பிளாஷ், அவற்றை எட்ட இருந்து இயக்கும் ட்ரிகர், பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு வெள்ளைக் குடை, ஒரு உதவியாளர். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.


மாடவீதி (செவ்வாய், இரவு 11.02)

தம்பி, அந்தச் சித்திரைப் படத்துக்கு உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். வெயில் நிற்கும் இடமே அப்படி. நம் ஊரில் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். சென்னைக்கு ஏப்ரல் 25 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. உங்கள் பக்கம் சில நாள் முன்னே பின்னே இருக்கும். கணக்குப் பார்த்தால் ஒன்று சித்திரை, இன்னொன்று ஆவணி, இரண்டுமே கல்யாண மாதம். அந்த நேரத்தில் நம் நிழல் காலுக்கடியில் போய்விடும். புருவம் கண்ணுக்கு நிழல் போடும், மூக்கு உதட்டுக்கு நிழல் போடும். எந்த லென்ஸ் மாட்டினாலும் அதை மாற்ற முடியாது.

இதே காரணத்தால் இன்னொன்றும் நடக்கிறது. கோல்டன் ஹவர், அதாவது சூரியன் மறைவதற்கு முந்தின பொன் வெளிச்ச நேரம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் நிதானமாக நடந்து நடந்து எடுப்பார்கள். அங்கே சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்கும். நமக்கு ஏறக்குறைய செங்குத்தாக விழுந்துவிடும். அடிவானத்துக்கு 6 டிகிரி உயரத்தில் இருக்கும் சூரியன் மறைய நமக்கு 25 நிமிடம்தான். அதை ஒரு மணி நேரம் என்று நம்பி வந்தால் கடைசி அரை மணி இருட்டில் நிற்போம்.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் 6.30 வாக்கில் மறையும். ரிசப்ஷன் 7 மணி. 5.55க்கு இருவரும் தயாராக இருந்தால் உங்களுக்குச் சித்திரையில் கிடைக்காத வெளிச்சம் கிடைக்கும். ஆனால் இது உங்களுக்கும் மணமக்களுக்கும் இடையிலான பேச்சு மட்டுமில்லை. மேக்கப் போட வருபவரிடம் இன்றைக்கே பேசுங்கள். அவர் 5.30க்கு முடிக்க ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மண்டபத்தில் எல்லாத் தாமதமும் அந்த அறைக்குள்தான் ஆரம்பிக்கிறது, அதுவும் அவர்மேல் தப்பில்லை. தலை பின்ன வந்தவர், பூ வைக்க வந்தவர், புடவை கட்டிவிட வந்த அத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள்.


வளவு வெளிச்சம் (புதன், காலை 7.20)

காரைக்குடியிலிருந்து. செட்டிநாட்டு வீட்டில் நிறுத்தினால் யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும் என்பார்கள். ஆத்தங்குடித் தரைக்கும் தேக்குத் தூணுக்கும் கிடைக்கிற பெயர் அது. உண்மையில் வேலை செய்வது முற்றம். வெயில் நேராக முகத்தில் படாமல் முற்றத்துத் தரையில் விழுந்து, சுவரில் பட்டு, அங்கிருந்து தூண் வரிசைக்குள் பக்கவாட்டில் வரும். நிற்பவருக்குப் பின்னால் அறை இருட்டு. முகம் ஒரு பக்கம் மெல்ல வெளுத்து மறு பக்கம் மெல்லக் கறுக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் செட்டிநாட்டு வீடு தேவையில்லை. உங்கள் மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஸ்டோர் ரூம் இருக்கும், அதற்கு ஷட்டர் இருக்கும். ஷட்டரை முழுதாகத் தூக்காமல் முக்கால் உயரத்தில் நிறுத்துங்கள். மேலே இருந்து வரும் வானத்து வெளிச்சம் வெட்டுப்பட்டுவிடும். வெளியே சிமெண்ட் தரையில் வெயில் அடித்தால் அதுவே பெரிய ரிஃப்ளெக்டர். மணமக்களை வாசலிலிருந்து மூன்று அடி உள்ளே நிறுத்துங்கள். இன்னும் உள்ளே போனால் வெளிச்சம் மளமளவென்று குறையும், அதனால் பின்னணி தானாகக் கறுத்துவிடும். பேக்ட்ராப் எதுவும் வேண்டாம். நீங்கள் வாசலுக்கு ஒரு ஓரத்தில் நின்று எடுங்கள், அவர்கள் முகத்தை வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பட்டும்.

நான் இப்படி ஒரு ரைஸ் மில்லில் எடுத்த படம் இன்றைக்கும் என் அலுவலகச் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எந்த அரண்மனை என்று கேட்கிறார்கள்.


நொய்யல்கரை (புதன், மதியம் 1.40)

அண்ணா, படித்துவிட்டு உடனே மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஷட்டர் இருக்கிறது! வடக்குப் பார்த்தது. உள்ளே வெங்காய மூட்டை, சிலிண்டர், அண்டா. வாட்ச்மேன் அண்ணன் முக்கால்வாசி தூக்கிக் கொடுத்தார். உதவியாளரை நிறுத்திப் போனில் ஒரு படம் எடுத்தேன். அவன் ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம், பின்னால் கும்மிருட்டு. இந்த மண்டபத்தில் இருபது கல்யாணமாவது எடுத்திருப்பேன், ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.


பழைய ரோல் (புதன், இரவு 9.10)

1978லிருந்து இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது ஓய்வு. ஒரு விஷயம் சொல்லலாமா?

120 என்கிற பிலிம் ரோல் ஒன்றில் சதுரப் படம் என்றால் பன்னிரண்டுதான். கல்யாணம் முழுவதற்கும் மூன்று ரோல் கொடுப்பார்கள். மணமக்கள் இருவரையும் தனியாக எடுக்க அதில் இரண்டு படம் ஒதுக்குவோம். இரண்டே இரண்டு. ஆகவே முதலில் பார்ப்போம். எந்தப் பக்கம் வெளிச்சம், இவர் உயரமா அவர் உயரமா, பெண் எந்தக் கையில் வளையல் நிறையப் போட்டிருக்கிறது, மாலை கழுத்தை மூடுகிறதா, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கை ஷட்டருக்குப் போகும். அறுபது எடுத்து ஒன்றும் தேறாததற்குக் காரணம் வெயில் மட்டுமில்லை என்று நினைக்கிறேன் தம்பி. மனதை நோகடிக்கச் சொல்லவில்லை. அவர்கள் விறைத்து நிற்கும்போது இன்னும் இன்னும் எடுத்தால் இன்னும்தான் விறைப்பார்கள். கேமராவை இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் ஏதாவது பேசுங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் கல்யாணமான கொஞ்ச நாளில் தம்பதி ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். வரைந்த திரை, ஒரு முக்காலி, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. கணவர் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, அல்லது மாறி. இருவரும் நேராகக் கேமராவைப் பார்ப்பார்கள். சிரிப்பு இருக்காது, ஆனால் பார்வையில் ஒரு நிமிர்வு இருக்கும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். கிரியேட்டிவ் என்றால் கட்டிப்பிடித்துச் சுற்றுவது மட்டுமில்லை என்று தெரியும்.

பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ தாத்தா பாட்டியின் அப்படி ஒரு படம் சுவரில் தொங்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே நிற்பு, அதே இடைவெளி, அந்தக் கை அதே நாற்காலிக் கைப்பிடியில், உங்கள் ஷட்டர் வெளிச்சத்தில். பாட்டி உயிரோடு இருந்தால் அந்தப் படத்தை அவர் கையில் கொடுங்கள்.


கூறைப்புடவை (வியாழன், மதியம் 12.05)

நான் போட்டோகிராபர் இல்லை. இரண்டு வருடம் முன்பு கல்யாணமானவள். என் தம்பி இந்தப் பக்கத்தைக் காட்டினான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவளுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? காலை 2.30க்கு எழுந்திருப்பாள். ராக்கொடி, சடை, பூ எல்லாம் சேர்ந்து தலை பின்னால் இழுக்கும். புடவையில் எத்தனை பின் என்று அவளுக்கே தெரியாது, ஒன்று நிச்சயம் இடுப்பில் குத்திக்கொண்டிருக்கும். மாலை ஈரத்தில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். பசிக்கும். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் அவரை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள். அந்த நேரத்தில் "கொஞ்சம் ரொமான்டிக்கா பாருங்க" என்று சொன்னால் எங்கிருந்து வரும்?

எங்களை எடுத்தவர் திறமையானவர்தான். ஆனால் எனக்குப் பிடித்த படம் அவர் நிறுத்தி எடுத்ததில்லை. மணமகள் அறைக்கு ஏறும் படிக்கட்டில் நான் உட்கார்ந்து மெட்டி அழுத்துகிறது என்று கழற்றப் பார்த்தேன், இவர் இரண்டு படி கீழே நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்திருக்கிறார். இருவர் முகமும் பாதிதான் தெரியும். கல்யாணத்தன்று நாங்கள் இருவரும் மட்டும் இருந்த நிமிடம் அது ஒன்றுதான், அதனால்தான் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் சொன்னால் இங்கே சிலருக்குக் கஷ்டமாக இருக்கலாம். நான் கறுப்பு. நல்ல கறுப்பு. ஆல்பம் வந்தபோது என் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணிக் கை இன்னொரு நிறம். என் மாமியார்கூடத் தடவிப் பார்த்தார். பிள்ளை வளர்ந்து "இது யாரு" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? காசு கொடுத்து, நாள் முழுக்க நின்று, என் கல்யாணத்தில் நான் இல்லாத ஆல்பம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அண்ணா, ஆவணியில் வரும் அந்தப் பெண்ணுக்கு இதை மட்டும் செய்துவிடாதீர்கள்.


ரீடச் மேசை (வியாழன், இரவு 8.30)

ஆல்பம் டிசைன் செய்கிறவன் நான். மேலே எழுதிய சகோதரி சொன்னது என் மேசையில் தினமும் நடக்கிறது, அதனால் மழுப்ப மாட்டேன். "பொண்ணக் கொஞ்சம் கலராக்கிடுங்க" என்று பெண் வீட்டிலிருந்தே போன் வரும். பலநேரம் பெண்ணுக்கே தெரியாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன் ஒரே நாளில் நாற்பது பக்கம் முடிக்க வேண்டும், முகத்தை மட்டும் செலக்ட் செய்து ஏற்றிவிடுவான். கை, கழுத்து அப்படியே நிற்கும்.

ஆனால் பாதித் தப்பு படம் எடுக்கும்போதே ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். கறுத்த தோல் இன்னும் இருண்டுவிடும். அதை இங்கே இழுத்து வெளிச்சமாக்கினால் தோல் சாம்பல் பூத்தமாதிரி ஆகும், அந்தச் சாம்பலை மறைக்க மஞ்சள் ஏற்றுவார்கள், அப்புறம் வெளுக்க வைப்பார்கள். முகத்தில் மீட்டர் வைத்து எடுங்கள். கறுப்புத் தோலுக்குப் பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சம்போல் அழகு வேறில்லை. கன்ன எலும்பில் ஒரு மெல்லிய மினுக்கம் கிடைக்கும், அது வெளுத்த தோலில் வராது.

இன்னொரு தொல்லை அரக்குச் சிவப்பு, குங்குமச் சிவப்புப் பட்டு. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பதியும், மஞ்சள் விளக்கில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழியும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், புடவையில் ஜரிகைப் புட்டா எல்லாம் ஒரே சிவப்புக் கறையாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டினால் முக்கால் ஸ்டாப்பாவது வெளிச்சத்தைக் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நெசவு திரும்பி வரும். அந்தப் புடவையை நெய்தவர் பத்துப் பதினைந்து நாள் தறியில் உட்கார்ந்திருப்பார்.


பழைய ரோல் (வியாழன், இரவு 9.45)

தம்பி சொல்வது சரி. கலர் வந்த காலத்தில் லேப் அளவுகோலே நமக்கானது இல்லை. ஷெர்லி கார்டு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், அவர் தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். கோடாக்கின் ஏற்பாடு அது. நம் முகங்களை அந்தத் தோலை வைத்து அளந்தார்கள். இன்றைக்கு யாரும் அப்படி அளக்கச் சொல்லவில்லை. நாமாக ஏன் அதைத் தொடர வேண்டும்?


மாடவீதி (வெள்ளி, காலை 6.50)

கூறைப்புடவை சகோதரிக்கு நன்றி. என் பையில் இனிமேல் இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட், ஸ்ட்ரா. லிப்ஸ்டிக் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா வேண்டும்.

தம்பி, இனி மேடை. அங்கே நாம் வீணாக்கும் ஒரு பொருள் இருக்கிறது, ஓமப் புகை. முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாக முகத்தை மறைக்கும். அதே பிளாஷை மணமக்களுக்குப் பின்னால், மணவறைத் தூணுக்கு மறைவில் தரையில் வைத்து அரை சி.டி.ஓ. ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் வண்ணத்தாள்) போட்டுக் குறைந்த பவரில் விடுங்கள். புகை முழுவதும் பொன் நிறமாக எழும்பும், இருவரின் தலை, தோள், மாலை ஓரம் மட்டும் கோடாக மின்னும். ஐயரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அவர் கண்ணில் அடிக்கக் கூடாது. புகையில் பெண்ணுக்குக் கண் கலங்கும். மாப்பிள்ளை மேல்துண்டை எடுத்து நீட்டுவார், பத்தில் ஆறு பேர் நீட்டுவார்கள். அதற்குக் காத்திருங்கள்.

மேடை எல்.இ.டி. விளக்குகளில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை அணைந்து எரியும், 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

நகைக்கு ஒரு வார்த்தை. தங்கம் கண்ணாடி மாதிரி, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். சின்ன பிளாஷைக் காட்டினால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக மின்னும், தங்கமாகவே தெரியாது. குடையை நெருக்கமாக, முகத்திலிருந்து நான்கு அடிக்குள் கொண்டுவாருங்கள். அப்போது ஆரத்தின் ஒவ்வொரு காசும் மஞ்சளாகத் தெரியும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் வேர்வைப் பளபளப்பு குறையும், நகையின் மினுக்கத்தைத் தொடாது. ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெளியில் மட்டும் மாட்டுங்கள்.


பனிக்காலம் (வெள்ளி, காலை 8.15)

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணத்து ஆள். இங்கே எங்கள் ஆட்களின் கலியாணங்கள் பெரும்பாலும் பாங்க்வெட் மண்டபங்களில்தான். டிசம்பரில் 4.40க்கெல்லாம் பொழுது பட்டுவிடும். வெளியே மைனஸ் பத்து. கூறையோடு பெண்ணை வெளியே கொண்டுவந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது, அது பாவம்.

ஆனால் பனி விழும்போது ஒரு பிளாஷை அவர்களுக்குப் பின்னால் வைத்தால் ஒவ்வொரு பனித்துகளும் வெள்ளிப்பொட்டாகத் தெரியும். தரைப்பனி கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், நாடிக்குக் கீழே நிழலே இராது. போன மாசி மாதம் அப்பிடி ஒன்று எடுத்தேன், மாப்பிள்ளை தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றிப் பெண்ணின் தோளில் போட்டார், சிவப்புக் கூறைக்கு மேலே கறுப்பு ஜாக்கெட். அவருடைய அம்மம்மா பார்த்துவிட்டு "நல்ல வடிவாய் இருக்கு, ஆனா பிள்ளைக்குக் குளிர்ந்திருக்குமே" என்றார். அவர் சொன்னதற்காகவே இப்போது காரை மண்டப வாசலில் ஹீட்டர் போட்டு வைத்துவிட்டுத்தான் வெளியே கூப்பிடுவேன்.

இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், எங்களுக்கு 1/60, 1/125. ஊரில் கலியாணம் எடுக்க வரும் இங்கத்தைய ஆட்கள் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.


திண்டல்மலை (வெள்ளி, மதியம் 3.30)

இடையில் நுழைகிறேன். ட்ரோன் வைத்து மேலிருந்து கப்பிள் ஷாட் எடுக்கலாமா? கல்யாணம் முடிந்ததும் கோவிலுக்குப் போவார்களே, அங்கே எடுக்கலாமா?


மாடவீதி (வெள்ளி, மாலை 5.10)

மேலிருந்து எடுக்க மாடி ஜன்னல் போதும். வாசலில் போட்ட மாக்கோலத்தின் நடுவே இருவரையும் நிறுத்தி முதல் மாடியிலிருந்து 35இல் எடுத்துப் பாருங்கள். ட்ரோன் என்றால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பறக்கவிடத் தடையில்லாத பச்சை மண்டலமா என்று பார்த்தாக வேண்டும். கோவிலில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கேமராவை எடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோவில்களுக்குள் செல்போனே கூடாது என்று சொன்னபிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. மணமக்கள் சாமி கும்பிட வருகிறார்கள். கோபுர வாசலுக்கு வெளியே எடுத்துக்கொள்ளலாம்.


நொய்யல்கரை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 11.20)

கல்யாணம் முடிந்தது. நேற்று படங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலை. மேக்கப் அக்கா சொன்னபடி 5.35க்கு முடித்துக் கொடுத்தார். ஆனால் வானம் மூடிக்கொண்டது. கோல்டன் ஹவர் இல்லை, ஒரு சாம்பல் வெளிச்சம்தான். அதில் ஆறு படம் எடுத்தேன், சுமார்.

மறுநாள் முகூர்த்தம். புகைப் படம் மாடவீதி அண்ணன் சொன்னபடியே வந்தது. முதல் இரண்டு முறை பிளாஷ் ரொம்பக் கடுமையாக இருந்தது, பவரை 1/32க்கு இறக்கியபிறகு சரியானது. துண்டை நீட்டுவார் என்று காத்திருந்தேன். இவர் நீட்டவில்லை. அந்தப் பெண்தான் தன் முந்தானையால் மாப்பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டார். மேடையில் இருந்த எல்லோரும் ஓ என்று கத்தினார்கள், நான் கத்தவில்லை, எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டர். 8.10க்கு இருவரையும் கூட்டிப் போனேன். உதவியாளரை வழியிலேயே நிறுத்தி யாரும் வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். போனதும் இருவருக்கும் தண்ணீர், ஸ்ட்ராவோடு. மாலையைக் கழற்றி வைக்கச் சொன்னேன். அப்புறம் பழைய ரோல் ஐயா சொன்னபடி கேமராவைத் தொடவில்லை. பெண்ணின் அப்பத்தாவும் தாத்தாவும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தை முன்பே வாங்கிப் போனில் வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். இருவரும் தலையை ஒட்டிக் குனிந்து பார்த்தார்கள். "அப்பத்தா எவ்வளவு ஒல்லி" என்றார் அந்தப் பெண். அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடமே முதல் படம். நான் கேட்டு நெற்றியோடு நெற்றி வைக்கவில்லை, தானாக அவ்வளவு அருகில் வந்துவிட்டது. பிறகு நாற்காலி போட்டு அந்தப் பழைய படம் மாதிரியே நிறுத்தினேன். ஒரே மாற்றம், இந்தமுறை பெண் உட்கார்ந்தார், மாப்பிள்ளை நின்றார். கால் வலிக்கிறது என்று அவரே கேட்டு உட்கார்ந்துகொண்டார். மொத்தம் பதினொரு படம், எட்டு நிமிடம்.

கடைசிப் படம் நான் திட்டம் போடாதது. 10 மணிக்கு மேல்தான் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பந்தி முடிந்து சாப்பாட்டுக் கூடம் காலி. நீளமான மேஜை, சுருட்டாமல் விட்ட காகித விரிப்பு, கடைசி ஜன்னல் ஓரத்தில் இரண்டு இலை. பெண்ணுக்குப் பசி. வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிடுகிறார், மாப்பிள்ளை தன் இலையைத் தொடாமல் அவருக்குக் கெட்டிச் சட்னியை நகர்த்துகிறார். கூடத்தின் மறுமுனையிலிருந்து 85இல் எடுத்தேன். எஃப் 2.8, 1/100, ஐ.எஸ்.ஓ. 1600. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு தப்பும் செய்தேன். ரிசப்ஷன் மேடையில் சிவப்பு சேனல் பார்க்காமல் பதினைந்து படம், லெஹங்கா முழுக்கக் கறை. மீட்க முடியவில்லை, அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

நிறத்தை யாரும் தொடவில்லை. டிசைனரிடம் எழுதியே கொடுத்தேன், பெண்ணிடமும் காட்டி ஒப்புதல் வாங்கினேன். அப்பத்தாவுக்கு இரண்டு படத்தையும், பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக, 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு மணமக்கள் தேர்ந்தெடுத்தது சாப்பிடும் படத்தை.


பழைய ரோல் (திங்கள், காலை 6.05)

அப்பத்தா என்ன சொன்னார்?


நொய்யல்கரை (திங்கள், காலை 7.30)

ரொம்ப நேரம் பேசவில்லை ஐயா. பழைய படத்தில் தாத்தா உட்கார்ந்திருந்த நாற்காலியை விரலால் காட்டி, "அது ஸ்டுடியோக்காரரோடது, ஒரு கால் ஆடும்" என்றார். பிறகு இரண்டையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்.


வளவு வெளிச்சம் (திங்கள், காலை 9.15)

ஷட்டர் நழுவாமல் இருக்க என்ன செய்தீர்கள்? முன்பே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பழைய ஷட்டர்கள் சில பாதியில் நிற்காது.


நொய்யல்கரை (திங்கள், காலை 9.40)

வாட்ச்மேன் அண்ணன் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார். படத்தின் இடது ஓரத்தில் ஒன்றின் நுனி லேசாகத் தெரியும். அதை அழிக்கவில்லை.